இரவு இரண்டு மணிக்கு விரல் ஏன் பிந்துகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். நீளமாக எழுதியிருந்தீர்கள், மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது இருபது, வீடு கிளிநொச்சிப் பக்கம். நாலு பேர் ஸ்குவாட்டாகச் சேர்ந்து, போனில் ஆடும் பப்ஜி மொபைல் சுடும் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பழகுகிறீர்கள். நீங்கள், முல்லைத்தீவில் ஒருவர், வவுனியாவில் ஒருவர், சுவிஸில் உங்கள் மச்சான். இரவு டேட்டா பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். மச்சான் வேலை முடிந்து வீட்டுக்கு வர இங்கே நடுச்சாமம் ஆகிவிடும். ஆகவே பயிற்சி பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை. முதல் இரண்டு ரவுண்ட் நன்றாகப் போகிறது, இரண்டு மணிக்குப் பிறகு எதிரியைக் கண்டும் விரல் பிந்துகிறது. ரியாக்சன் வேகத்தைக் கூட்ட என்ன சாப்பிடலாம், எனர்ஜி ட்ரிங்க் குடிக்கலாமா, புரோட்டீன் பவுடர் வேண்டுமா, வலது பெருவிரல் அடியில் நோகிறதே அதற்கு என்ன செய்யலாம், அப்பாவோடு வயலுக்குப் போவது உடற்பயிற்சியில் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐந்து கேள்வி என்றாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: இரண்டு மணிக்குப் பிறகும் முதல் ரவுண்ட் மாதிரி ஆடுவதற்கு வாயில் போடக்கூடியது ஏதும் இருக்கிறதா? பதிலுக்கு முன் நான் யார் என்று சொல்ல வேண்டும். நான் இயன்மருத்துவர். பதினான்கு வருடமாக வன்னியில்தான் வேலை. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் பாரிசவாதம் வந்த ஐயாமார், முழங்கால் தேய்ந்த அம்மாமார், மோட்டார் சைக்கிளில் விழுந்த பொடியன்கள், பழைய காயத்தோடு வாழ்பவர்கள். போனில் விளையாடிக் கை நொந்து வரும் பிள்ளைகள் கடந்த ஐந்தாறு வருடத்துக் கதை. கை, கழுத்து, முதுகு பற்றி உறுதியாகப் பேசுவேன். சாப்பாடு பற்றிச் சொல்வது படித்ததும், போசணைப் பிரிவில் இருப்பவர்களிடம் கேட்டறிந்ததும். சீனி வருத்தம், சிறுநீரகம் என்று வந்தால் வைத்தியர்தான். விளையாட்டைப் பொறுத்தவரை, அக்காவின் மகன் ஒருமுறை போனைக் கையில் தந்தான். பரசூட்டில் இறங்கி ஒரு நிமிடத்துக்குள் செத்துப்போனேன். ஆகவே ஆட்ட நுணுக்கம் என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் மணிக்கூட்டைப் பார்ப்போம். காலை ஆறரைக்கு எழும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறரையிலிருந்து பதினேழு மணித்தியாலம் கூட்டினால் இரவு பதினொன்றரை. 1997 இல் அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒன்றில், தொடர்ந்து பதினேழு மணித்தியாலம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் ஒத்துப்போகும் திறன், குருதியில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியது. பல நாடுகளில் அந்த அளவோடு வாகனம் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். நீங்கள் போனைக் கையில் எடுக்கும்போதே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்; இரண்டு மணிக்குப் பத்தொன்பதரை மணித்தியாலம் ஆகிறது. போதாக்குறைக்கு, இரண்டு மணி முதல் நாலைந்து மணி வரைதான் உடம்பின் உள் கடிகாரம் ஆகக் கீழே இறங்கும் நேரம். உடல் வெப்பநிலை குறையும், கவனம் சிதறும். இரவு வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. மூன்றேகாலுக்குப் படுத்து ஆறரைக்கு எழும்பினால் மூன்று மணித்தியாலத் தூக்கம், மத்தியானம் ஒரு மணித்தியாலம் கண்ணயர்ந்தாலும் நாலுதான். வளர்ந்தவருக்குக் குறைந்தது ஏழு வேண்டும், பதினெட்டுக்குக் கீழே என்றால் எட்டிலிருந்து பத்து. ஆக விரல் பிந்துவதற்கு முதல் காரணம் சோற்றுக் கோப்பையில் கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் பயிற்சியை விடச் சொல்கிறேனா? இல்லை. நேரத்தை மாற்றச் சொல்கிறேன். சுவிஸில் சனி, ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி என்றால், அங்கே கோடைகாலத்தில் நமக்குப் பின்னேரம் ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. மச்சானுக்கு வேலை இல்லாத நாள், உங்களுக்கும் விழிப்பான நேரம். முழு ஸ்குவாட்டும் கூடும் பயிற்சியைக் கிழமையில் அந்த இரண்டு பின்னேரத்துக்கும், வேண்டுமானால் இன்னொரு இரவுக்கும் வையுங்கள். மற்ற நாட்களில் தனியாகக் குறி பழகுவதற்கு அரை மணித்தியாலம் போதும், அதற்குப் பெரிதாக டேட்டாவும் போகாது. பகல் டேட்டா விலைதான் என்று சொல்வீர்கள். எனர்ஜி ட்ரிங்குக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள், டேட்டாவுக்குக் காசு அங்கேயே இருக்கும். இன்னொரு விசயம்: பழகிய அசைவு மூளையில் படிவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. மூன்று மணி வரை பழகிவிட்டு மூன்று மணித்தியாலம் படுப்பது, நெல்லை விதைத்துவிட்டுத் தண்ணீரை மறிப்பதைப்போல. போட்டியே நடுச்சாமத்தில் வந்தால் அன்று பின்னேரம் அரை மணித்தியாலம் படுத்தெழும்புங்கள். மறுநாள் காலை வயலுக்கு வரமுடியாது என்று அப்பாவிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

சரி, எனர்ஜி ட்ரிங்க். அது வேலை செய்யும். கபீன் கவனத்தைக் கூட்டும், ரியாக்சனைக் கொஞ்சம் விரைவாக்கும். இது நன்றாக நிறுவப்பட்ட உண்மை, மறைத்துப் பேசிப் பயனில்லை. 250 மில்லிலீற்றர் டின் ஒன்றில் பொதுவாக 80 மில்லிகிராம் கபீனும் 27 கிராம் சீனியும் இருக்கும். தேத்தண்ணிக் கரண்டியால் அளந்தால் ஏழு கரண்டிக்குக் கிட்ட. ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் கபீன் வரும். ஆகவே இரண்டு கோப்பை பிளேன்டீ ஒரு டின்னுக்குச் சமம், சீனி உங்கள் கையில். சுகதேகியான வளர்ந்தவர் ஒரே தடவையில் 200, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் சொன்ன கணக்கு. ஆனால் உள்ளே போன கபீனில் பாதி கழியச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் எடுக்கும். பன்னிரண்டுக்குக் குடித்ததில் பாதி காலை ஐந்து மணிக்கும் உடம்பில் நிற்கிறது. கிடைக்கும் மூன்று மணித்தியாலத் தூக்கத்தையும் அது மேலோட்டமாக்கிவிடும், மறுநாள் இரண்டு டின் தேவைப்படும். உங்கள் ஸ்குவாட்டில் ஏ.எல். படிக்கும் தம்பி ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே எனர்ஜி ட்ரிங்கே வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தைநல வைத்தியர்களின் சங்கத்தின் நிலைப்பாடு, என் நிலைப்பாடும் அதுவே. நெஞ்சு படபடக்கிற ஆள் எந்த வயதானாலும் தொடக்கூடாது.

சீனி பற்றி ஒரு குழப்பம் உண்டு. இனிப்புக் குடித்தால் உடனே உசார் வரும் என்று நினைக்கிறோம். 31 ஆய்வுகளைத் திரட்டி 2019 இல் வெளிவந்த அலசலில் அப்படி எந்த உசாரும் தெரியவில்லை. மாறாக, அரை மணித்தியாலத்தில் களைப்பும் ஒரு மணித்தியாலத்துக்குள் கவனக் குறைவும்தான் தெரிந்தன. டின்னில் உசார் தருவது கபீன், சீனி கூட வரும் சுமை. 2016 இலிருந்து நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறப்புள்ளி போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. அந்தப் புள்ளி சீனியை மட்டும்தான் சொல்லும். கபீனை அறிய டின்னின் பின்பக்கப் பொடி எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

இனிச் சாப்பாடு. ரியாக்சனைக் கூட்டும் உணவு என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் பார்த்தால் மீண்டும் கபீனும் இனிப்பும்தான். சாப்பாடு விரலை விரைவாக்காது. பிழையான சாப்பாடு மந்தமாக்கும். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று எழுதியதைப் பாருங்கள்: காலையில் பணிசும் பால்தேத்தண்ணியும், மத்தியானம் அம்மா போட்டுத் தரும் சோறு, பின்னேரம் கடையில் ரோல்ஸ், இரவு ஒன்பதுக்கு அம்மா புட்டு அவித்து மூடி வைப்பதைத் தொடாமல் பதினொன்றரைக்குக் கொத்து ரொட்டி. கொத்து ஒரு பார்சல் மாவும் எண்ணெயும் சேர்ந்த பெரிய பொதி. அதைச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் விளையாட இருந்தால் வயிறு ஒரு பக்கம் இழுக்கும், கண் ஒரு பக்கம் இழுக்கும். அம்மாவின் புட்டை ஒன்பது மணிக்கே சாப்பிடுங்கள், மீன் குழம்போ அவித்த பயறோ முட்டையோ கூட இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன் பசித்தால் ஒரு கை கச்சான், அவித்த கடலை, ஒரு வாழைப்பழம். காலையில் பணிசுக்குப் பதில் குரக்கன் ரொட்டியோ அவித்த கௌபியோ இருந்தால் பத்து மணிப் பசி குறையும். கச்சானில் மட்டும் கவனம்: 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் உண்டு. பையோடு மடியில் வைத்து விளையாடினால் பை முடிந்தது தெரியாது.

இன்னொன்று, சிவப்பரிசிச் சோறு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம்மவர்கள் நினைப்பது பிழை. தவிடு நீக்காத அரிசியில் நார் கூட, அது நல்லது. ஆனால் கோப்பையில் மலை மாதிரிக் குவித்தால் எந்த அரிசியும் அரிசிதான். வரப்பு வெட்டி வந்தவர் சாப்பிட்ட அளவை, கதிரையில் இருந்து போன் பார்ப்பவரும் சாப்பிடுகிறார். வன்னியில் நான் காணும் பெரிய மாற்றம் இதுதான்: கோப்பை அப்பப்பா காலத்து அளவிலேயே நிற்கிறது, வேலையை மெசின் கொண்டுபோய்விட்டது.

புரோட்டீன் பவுடர் வேண்டாம். வளர்ந்தவருக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது அடிப்படைக் கணக்கு. நீங்கள் 60 கிலோ என்றால் 48 கிராம். முட்டை இரண்டில் 12, குளத்து மீன் நல்ல துண்டு 100 கிராமில் 20 அளவில், பருப்பு ஒரு கோப்பை, சோற்றிலேயே கொஞ்சம், அதோடு கணக்கு முடிந்துவிடும். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் பிடித்த மீன் சைக்கிள் பெட்டியில் வாசலுக்கு வரும் ஊரில் இருந்துகொண்டு டப்பாவில் புரதம் வாங்குவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னியுங்கள்.

சாப்பாட்டை நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், இந்த விளையாட்டு உலகத்திலேயே அதற்கு உதாரணம் உண்டு. சீனாவின் ஜியான் சிஹாவ், ஆட்டப் பெயர் ஊஸி, லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டில் உலகம் அறிந்த ஆட்டக்காரர். 2020 ஜூனில் ஓய்வு அறிவித்தபோது அவருக்கு 23 வயது. இரண்டாம் வகை நீரிழிவு வந்துவிட்டது என்றும், நெடுநாள் மன அழுத்தம், உடற்பருமன், நேரம் தவறிய சாப்பாடு, இரவு விழிப்பு எல்லாம் சேர்ந்தே இது என்றும் அவரே சொன்னார். கைக் காயமும் இருந்தது. ஒன்றிரண்டு வருடம் கழித்துத் திரும்பியும் வந்தார். விளையாட்டுத்தான் நீரிழிவைக் கொடுத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வாழ்க்கை முறை மொத்தமாகச் சேர்ந்து செய்தது. உங்களுக்கு இது ஏன் முக்கியம்? தெற்காசியரான எங்களுக்கு வெள்ளைக்காரரைவிடக் குறைந்த நிறையிலேயே, இளம் வயதிலேயே நீரிழிவு வரும். மெலிந்த கையும் முன்தள்ளிய வயிறும்தான் எங்கள் வடிவம். தராசை நம்பாமல் தையல்காரரின் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சீனி இருந்தால், தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால், கிட்டடி ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் குருதிச் சீனி பாருங்கள்.

இப்போது பெருவிரல், இது என் வீடு. போன வருடம் ஒரு தாய் மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். “மிஸ், இவன்ர கையை ஒருக்காப் பாருங்கோ. ஒரு வேலையும் செய்யாத கை, எப்பிடி நோகும்?” பொடியன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற நாலு விரலாலும் பொத்தச் சொன்னேன். பிறகு அந்தப் பொத்திய கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சரித்தேன். பாதி வழியிலேயே “ஆ” என்று கையை இழுத்துக்கொண்டான். மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் இரண்டு தசைநாண்கள் ஒரு ஒடுக்கமான உறைக்குள்ளால் ஓடுகின்றன. ஒரே அசைவை ஆயிரம் தரம் செய்தால் அந்த உறை தடித்து, நாண் ஓட இடமில்லாமல் உரசும். டி கேர்வேன் என்ற சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் 1895 இல் விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர். அன்று அதே வாங்கில், அதே நோவோடு ஒரு இளம் தாயும் காத்திருந்தார், மூன்று மாதக் குழந்தையைத் தூக்கித் தூக்கி வந்தது. “இவவுக்கும் உனக்கும் ஒரே வருத்தம், ஆனா அவ பிள்ளை வளக்கிறா” என்று பொடியனின் தாய் சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விளையாடிப் பெருவிரல் நோவது புதிதுமில்லை. மகனின் நின்டெண்டோவில் ஐந்து மணித்தியாலம் விடாமல் விளையாடிய 35 வயதுப் பெண்ணின் கதை 1990 இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்துவிட்டது.

நான் செய்த சோதனையை நீங்களே மெதுவாகச் செய்து பாருங்கள். மணிக்கட்டோரம் சுரீர் என்று பிடித்தால் இதுவாக இருக்கலாம். ஆனால் வருத்தம் இல்லாதவருக்கும் அந்த நிலையில் கொஞ்சம் இழுக்கும், ஆகவே மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். நோ உள்ளங்கைச் சதையில் என்றால் பெரும்பாலும் தசை களைத்ததுதான். இரண்டுக்கும் முதல் மருந்து ஓய்வு: இரண்டு கிழமைக்கு விளையாடும் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஒரு ரவுண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஐந்து நிமிடம் போனைக் கீழே வையுங்கள். போனை நசுக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள், டென்சன் ரவுண்டில் எல்லாரும் நசுக்குவார்கள். சுடும் பட்டனைச் சுட்டுவிரலுக்கு மாற்றினால் பெருவிரலின் பாரம் பிரியும். நோ தணிந்த பிறகு ஐந்து விரலையும் சுற்றி ஒரு றப்பர் பாண்ட் போட்டு, மெதுவாக விரித்து மெதுவாக மூடுங்கள். பத்துப் பன்னிரண்டு தரம், நாளுக்கு இரண்டு முறை. நோவெண்ணெய் மெதுவாகத் தடவினால் கெடுதல் இல்லை, வீங்கிய உறைமேல் அழுத்தி உருவினால் நோ கூடும். மூன்று கிழமையில் குறையாவிட்டாலோ, இரவில் விரல் விறைத்து எழுப்பினாலோ, கோப்பை கையிலிருந்து நழுவினாலோ ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பாமசியில் நோக்குளிசை வாங்கி நாள்கணக்கில் போடாதீர்கள். டைக்ளோபெனாக் மாதிரிக் குளிசைகள், தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பொடியனிடம் எப்படி இருந்து விளையாடுவாய் என்று கேட்டேன், செய்து காட்டினான். பிளக் பொயின்ற் நிலத்திலிருந்து ஒரு முழம், சார்ஜர் வயர் ஒரு மீற்றர். வயர் எட்டும் இடத்தில் பாய் போட்டு, ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்கையை ஊன்றி, கழுத்தை மடித்து நாலு மணித்தியாலம். அவனுடைய கழுத்து நோவைத் தீர்த்தது என் கைவைத்தியம் என்று சொல்ல ஆசைதான், உண்மையில் தீர்த்தது ஒரு எக்ஸ்டென்சன் வயரும் மேசையும் கதிரையும். முழங்கை இரண்டையும் மேசையில் வைத்து, போன் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே வந்தால் போதும். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று ஒரு படம் சுற்றுகிறதே, அது கணித மாதிரி ஒன்றில் வந்த எண், உயிருள்ள கழுத்தில் அளந்தது கிடையாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குனிவதைவிட, அசையாமல் குனிந்தே இருப்பதுதான் நோவைக் கொண்டுவரும்.

உடற்பயிற்சி ஆட்டத்தைத் திருத்துமா? இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அமெரிக்க, கனடியக் கல்லூரி அணிகளில் விளையாடும் 65 பேரிடம் கேட்டு 2019 இல் வெளிவந்த ஆய்வில் 56 சதவீதத்தினருக்குக் கண் களைப்பு, 42 சதவீதத்தினருக்குக் கழுத்து அல்லது முதுகு நோ, 36 சதவீதத்தினருக்கு மணிக்கட்டு நோ. 40 சதவீதம் பேர் எந்த உடற்பயிற்சியும் செய்யவில்லை. வைத்திய உதவி தேடியவர்கள் இரண்டே சதவீதம். ஆனால் அவர்கள் கணினிக்காரர், எங்கள் பிள்ளைகள் போன்காரர். இங்கே மணிக்கட்டைவிடப் பெருவிரலும் கழுத்தும்தான் முதலில் வரும், நான் காண்பது அப்படி. 65 நாடுகளின் 1,772 ஆட்டக்காரரைக் கேட்ட 2020 ஆய்வில், முதல் பத்து சதவீதத் தரத்தில் இருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூட அசைபவர்களாக இருந்தார்கள். ஓடியதால் நன்றாக ஆடினார்களா, எதையும் ஒழுங்காகச் செய்பவர்கள் என்பதால் இரண்டையும் செய்தார்களா என்று அந்த ஆய்வு காட்டாது. பதினைந்து நிமிடக் கடும் பயிற்சிக்குப் பிறகு குறி திருந்தியது என்று காட்டிய ஆய்வில் இருந்தவர்கள் 20 பேர்தான். ஆகவே ‘ஓடினால் ரேங்க் ஏறும்’ என்று சத்தியம் செய்ய மாட்டேன். தூக்கம் நன்றாக வரும், சீனி கட்டுப்படும், முதுகு தாங்கும், இவற்றுக்குச் சத்தியம் செய்வேன்.

கண்ணும் தண்ணீரும் சுருக்கமாக. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறையும், அதனால்தான் மணல் விழுந்தது போல உறுத்தல். ஒவ்வொரு ரவுண்ட் முடிவிலும் யன்னலால் தூரத்து வீட்டு லைட்டை இருபது விநாடி பாருங்கள், அறையை இருட்டாக்கி விளையாடாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசி இரவில் இருப்பவர் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் வேண்டும். உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பக்கற்றை உங்கள் நண்பர் விளையாடும்போது கரைத்துக் குடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அது வயிற்றோட்டத்துக்கு உரியது, இருந்து விளையாடுபவருக்குத் தேவையில்லை.

இதை வாசிப்பவர்களில் சில்லு நாற்காலியில் இருந்து விளையாடும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முள்ளந்தண்டுக் காயத்தோடு வாழும் ஒருவர் என்னிடம் சொன்னார், படியும் சரிவும் இல்லாத மைதானம் தனக்கு இது ஒன்றுதான் என்று. உங்களுக்கு ஒரே ஒரு விதி. ஆட்ட மும்முரத்தில் நேரம் போவது தெரியாது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குப் புண் வருவதும் தெரியாது. பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள், முடியாதவர்கள் முன்னுக்கும் பக்கத்துக்கும் சரிந்து பாரத்தை மாற்றுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே. அழுத்தப் புண் ஒன்று மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும்.

அம்மா ‘பைத்தியம் பிடிச்சிட்டுது’ என்று ஏசுவதாக எழுதினீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்டுதான். ஆனால் நிறைய நேரம் விளையாடுவது மட்டும் அந்த நோய் ஆகாது: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை ஏறக்குறைய ஒரு வருடம் நீடித்து வாழ்க்கையைக் குலைக்க வேண்டும். நீங்கள் ஆறரைக்கு எழும்பி அப்பாவோடு போகிறீர்கள்; அது நோயாளியின் அடையாளமாக எனக்குத் தெரியவில்லை. ஸ்குவாட்டில் யாருக்காவது அப்படித் தோன்றினால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம்.

கடைசியாக வயல். சேரும், தாராளமாகச் சேரும். வளர்ந்தவருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு வாங்கும் ஆனால் பேச முடியும் என்ற அளவு. வரப்பு வெட்டுவதும் மூட்டை தூக்குவதும் அதற்கு மேலேயே நிற்கும். சிக்கல் என்னவென்றால் வயல் தினமும் வேலை தராது. காலபோகத்தில் விதைப்புக்கு ஒரு கிழமை, வெட்டு மெசின் வந்தால் ஒரு நாள், சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. இடையில் தண்ணீர் பார்க்கப் போவது மோட்டார் சைக்கிளில் போய் வரப்பில் நின்று வருவதுதான். மருந்தடிப்பதை நான் உடற்பயிற்சிக் கணக்கில் எடுக்க மாட்டேன், அதற்கு முகமூடியும் கையுறையும்தான் முக்கியம். வீட்டிலிருந்து வயல் நாலு கிலோமீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்கிளில் சாதாரணமாக மிதித்தால் போக ஒரு கால் மணித்தியாலம், வர ஒரு கால் மணித்தியாலம். கிழமையில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் அங்கேயே ஆகிவிட்டது, அதுவும் இருட்டு விலகிக் காலை வெயில் முகத்தில் படும் நேரம். இரவில் நித்திரை வருவதற்கும் அந்த வெளிச்சம் உதவும். சைக்கிள் ரியூப் வெடித்து ஆறு மாதமாக மாட்டுக் கொட்டிலில் சாத்தியிருப்பதாகச் சொன்னீர்கள். இந்தக் கிழமை டேட்டா போடுவதற்கு முன்னம் ரியூப்பை மாற்றிவிடுங்கள்.